ஏறின கியரிலேயே இறங்குவோம்

(தோட்டத்து மண்டபத்தில் வாகனச் சாரதிகளுக்கும் குடும்பத்தினருக்கும் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக நாங்கள் இந்த மண்டபத்துக்கு வந்தால் பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, குடிநீர், மலசலகூடம் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு பிரேக், டயர் என்று பேச வந்திருக்கிறோம். "இது கராஜ் பாஸ் பேச வேண்டிய பேச்சாச்சே, நலன்புரிக்காரருக்கு இதுல என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

முன்னொரு காலத்தில் தோட்டத்தில் வண்டி என்றால் கொழுந்து லொறி, பேக்டரி லொறி, துரையின் கார், அவ்வளவுதான். இன்றைக்கு லயத்து முனைக்கு முனை முச்சக்கர வண்டி நிற்கிறது. வான் வைத்திருக்கிற குடும்பங்களும் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போவது, நிறைமாதக்காரி ஆஸ்பத்திரி போவது, வயதானவர்கள் கிளினிக் போவது எல்லாம் இந்த வண்டிகளில்தான். நகையை அடகு வைத்து, லீசிங் எடுத்து வாங்கிய வண்டி. அதில் ஒரு குடும்பத்தின் சோறும் இருக்கிறது, பல குடும்பங்களின் உயிரும் இருக்கிறது. அதனால்தான் இது நலன்புரிப் பேச்சு.

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதை. கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. வானில் இருந்த 6 பேரும் முச்சக்கர வண்டிச் சாரதியுமாக 7 பேர் இறந்தார்கள். வானில் வந்தவர்கள் நம் ஹற்றன் பக்கத்துக்காரர்கள். அதன் பிறகு அந்தப் பாதையில் கனரக வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லவில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல விசாரணை இருக்கிறது. அது நம் வேலையல்ல. ஆனால் மூன்றும் மலைப்பாதையில் நடந்தவை. சமவெளியில் பிழை விட்டால் வண்டி வயலில் போய் நிற்கும். நம் பக்கம் நிற்பதற்கு இடமே கிடையாது.

ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போனால் போதும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பது கியர்தான். பிரேக் இருப்பது நிறுத்துவதற்கு. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருகிறது.

ஏன் அப்படி? இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். சுடுகிறதல்லவா? பிரேக்கும் அதேதான். பிரேக் ஷூ டிரம்மோடு தேய்ந்து, வண்டியின் வேகத்தைச் சூடாக்கி வெளியே விடுகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. றம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கும்போது வண்டி 1,400 மீற்றர் அளவு கீழே வருகிறது. ஆட்களோடு 2,000 கிலோ நிறையுள்ள ஒரு வான் அவ்வளவு உயரம் இறங்கும்போது எவ்வளவு சூடு பிறக்கும் தெரியுமா? 80 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு! கல்யாண வீட்டு அண்டாவில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு விறகு போகும் என்று நம் தாய்மார்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் பெரும் பங்கை நாலு சின்னப் பிரேக்குகளின் தலையில் கட்டினால் அவை என்ன செய்யும்?

முதலில் கருகல் மணம் வரும். பிறகு மிதித்தாலும் பிடிப்புக் குறையும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஒயில் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் கால் வைத்தால் பிரேக் பலகை வரை பஞ்சு மாதிரி இறங்கிப் போகிறது. "பிரேக் பெயிலாப் போச்சு" என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான். கராஜில் ஆறின பிறகு பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும்!

கியரில் இறக்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். அந்தச் சுமை பிரேக்குக்குப் போகாது. எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். மிகச் செங்குத்தாக இருந்தால் அதற்கும் ஒன்று குறைவாக. கியரை இறக்கம் தொடங்கும் முன்னே போட வேண்டும்; வேகம் பிடித்த பிறகு போடப் போனால் கியர் விழாது. பிரேக்கை இடையிடையே நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆற விட வேண்டும். வழி முழுக்கக் காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வரக் கூடாது. ஓட்டோ கியர் வண்டி ஓட்டுகிறவர்கள் D-யிலேயே விட்டுவிடாமல் L அல்லது 2 என்று இருக்கிற இடத்துக்கு மாற்றுங்கள். சில ஹைபிரிட் கார்களில் B என்று இருக்கும். அது இறக்கத்துக்காகவே வைத்தது.

இனி நியூட்ரல் கதைக்கு வருவோம். இது நம் பக்கத்து வியாதி. தலவாக்கலையிலிருந்து வரும்போதும் வட்டவளையிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போதும், "சும்மா உருளட்டும், பெற்றோல் மிச்சம்" என்று நியூட்ரலில் போட்டு விடுகிறார்கள். சிலர் எஞ்சினையும் நிறுத்தி விடுகிறார்கள். 2022இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான் தொடக்கத்தில் கிடைத்தது. அந்தக் கஷ்டம் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் உரம் போட்டது. தம்பிமாரை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

இப்போதைய கார், வான்களில் பெற்றோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடுகிறது. அந்த எஞ்சினில் கியரைப் போட்டு, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எண்ணெய் போவதே நின்று விடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவுதான். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் சொட்டு மிச்சம் வரலாம். ஒரு செட் பிரேக் ஷூவின் விலைக்கு அது காணாது. ஓர் உயிரின் விலையை யாரும் போட முடியாது.

எஞ்சினை நிறுத்துவது இன்னும் மோசம். கார், வான்களில் பிரேக்குக்குத் துணையாக ஒரு பூஸ்டர் இருக்கிறது. எஞ்சின் ஓடினால்தான் அது வேலை செய்யும். நிறுத்தின பிறகு ஒன்றிரண்டு தடவை மிதித்தால் அந்தத் துணை தீர்ந்து, பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வளைவில் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, எல்லாம் செய்தும் ஒருநாள் கால் பஞ்சாக இறங்கிப் போகிறது என்று வையுங்கள். அப்போது என்ன செய்வது? பதறாமல், பிரேக்கை விட்டு விட்டு வேகமாகப் பல தடவை மிதியுங்கள். கொஞ்சம் பிடிப்பு வரலாம். காற்றுப் பிரேக் உள்ள லொறி, பஸ்களில் மட்டும் அப்படி மிதித்துக் காற்றைத் தீர்க்கக் கூடாது. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் பட்டனை அமுக்கியபடி மெல்ல மெல்ல இழுங்கள். ஹோனை அடித்து, லைட்டைப் போட்டு எதிரே வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். கடைசிக்கு, பள்ளப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண் திட்டிலோ கானிலோ வண்டியை உரசி நிறுத்துங்கள். வண்டி நசுங்கட்டும்; அதைத் தட்டி எடுக்கலாம். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள்.

கருகல் மணம் வந்தவுடனேயே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆற விட்டால் இந்த நிலைமையே வராது. பீலித் தண்ணீரைப் பிடித்துச் சூடான டிரம்மில் ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கும், கோணும். நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைப்போம். புறப்படும்போது அந்தக் கல்லைப் பாதையிலிருந்து எடுத்து ஓரத்தில் போட வேண்டும். நாம் விட்டுப் போன கல்லில் பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிள்காரப் பிள்ளை ஒன்று ஏறினால், அந்தப் பாவம் நம்முடையது.

இனி வண்டியின் சாமான்களைப் பராமரிப்பது பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில் மறுபடி திறந்தாலும், விலை நம் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. நம்மிடம் இருப்பது பழைய வண்டிகள். அவற்றைத்தான் காப்பாற்றி ஓட்ட வேண்டும்.

முதலாவது பிரேக் ஒயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கத்து மழைக்கும் மிஸ்ட்டுக்கும் கேட்கவே வேண்டாம். டொட் 3 என்கிற ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகைச் சூடு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்து பழசானால் 140 பாகையிலேயே கொதித்து விடலாம். டொட் 4 புதிதில் 230, பழசில் 155. பாட்டில் நிறைய ஒயில் இருந்தாலும் பழசு பழசுதான். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுக்க மாற்றுங்கள். எந்த ஒயில் என்று டாங்கி மூடியிலேயே எழுதியிருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். அடையாளக் கோட்டுக்குக் கீழே ஒயில் இறங்கினால் ஷூ தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகலாம். ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் காரணத்தைத் தேடுங்கள். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மிச்ச ஒயிலைச் சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்குள் வைக்க விடாதீர்கள். அது விஷம். பிள்ளைகளுக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

இரண்டாவது டயர். பிரேக் சக்கரத்தை நிறுத்தும்; வண்டியை நிறுத்துவது டயர். டயர்க் கானுக்குள் இடையிடையே சின்ன மேடு ஒன்று இருக்கும். தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான். மழைப் பாதையில் அது வழுக்கும். பக்கவாட்டில் நாலு எண் வரிசையாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. "புத்தம் புது டயர் அண்ணே" என்று யாராவது விற்றால் முதலில் அதைப் பாருங்கள். ரீபில்ட் டயர்தான் வாங்க முடிந்தால் முன் சக்கரத்துக்குப் போடாதீர்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது, காலையில் பாருங்கள். ஸ்பெயார் வீலிலும் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது லைட்டும் வைப்பரும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம் போட்டு மெதுவாக வாருங்கள். பகலிலும் போடுங்கள், அது நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நம்மைப் பிறர் பார்ப்பதற்கும். பின்னால் சிவப்பு லைட் எரிகிறதா என்று சாரதிக்குத் தெரியாது. வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பின்னால் நிற்க வைத்துக் கேட்டாலே போதும். வைப்பர் ரப்பர் கோடு கோடாகத் தண்ணீரை விட்டால் மாற்றுங்கள். அது பெரிய செலவல்ல.

நான்காவது சீட் பெல்ட். 2011 ஒக்டோபரிலிருந்து முன் சீட்டில் இருக்கிறவர்களுக்கு அது சட்டம். ஆனால் பொலிசைக் கண்டால் போடுவதும், செக் பொயின்ட் தாண்டினால் கழற்றுவதும் நடக்கிறது. தாய்மார்களே, நீங்கள் 20 கிலோ கொழுந்தைச் சுமந்து மலையேறுகிறவர்கள். கைப்பலம் உள்ளவர்கள். ஆனாலும் 40 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி சட்டென்று மோதி நின்றால், மடியில் இருக்கிற 10 கிலோப் பிள்ளை 100 கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயாலும் பிடித்து வைக்க முடியாது. பிள்ளையை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். பின் சீட்டில் வையுங்கள். கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப் பட்டி வயிற்றுக்கு மேலே போகாமல் வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பில் இருக்க வேண்டும். நூல் பிரிந்த பெல்ட்டையும், பெரிய விபத்தில் இழுபட்ட பெல்ட்டையும் மாற்றி விடுங்கள்.

முச்சக்கர வண்டியில் பெல்ட் இல்லை. அதற்குப் பாதுகாப்பே நிதானமும் ஆள் கணக்கும்தான். பின்னால் 3 பேர் என்றால் 3 பேர். சுமை கூடினால் இறக்கத்தில் பிரேக்கின் சூடும் அந்த அளவு கூடும். "இன்னொரு புள்ளதானே" என்று ஏற்றுகிறபோது, ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளின் பிரேக்கைத்தான் குறைக்கிறோம்.

ஐந்தாவது ஜெக். சக்கரம் மாற்றும்போது மட்டமான இடம் பாருங்கள். ஆட்களை இறக்கி, கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். நம் மண் ஈரமண்; ஜெக்குக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள். ஜெக்கில் நிற்கிற வண்டிக்குக் கீழே யாரும் புகக் கூடாது, கை நீட்டக் கூடாது. ஜெக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். முகத்தில் அடிக்கும்.

இதெல்லாம் சாரதிகளுக்கு. பயணம் போகிறவர்களுக்கும் கடமை உண்டு. கல்யாணம், திருவிழா, கட்டுநாயக்கா என்று வான் பேசுகிறோம். வாடகையை மணிக்கணக்காய்ப் பேரம் பேசுகிற நாம், டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. முற்பணம் கொடுக்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சாரதி இராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். வழியில் அவருக்கு யாரும் "ஒரு கிளாஸ்" நீட்டாதீர்கள். "சீக்கிரம் போ, நேரமாச்சு" என்று அவரை அவசரப்படுத்துவதும் பல நேரம் நாம்தான். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் அடங்கி வண்டி சும்மா உருளுவது போல் தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டாம். "தம்பி, கியர்லயே இறக்குங்க. நேரமானாலும் பரவாயில்ல, பெற்றோல் காசு கூடினாலும் தர்றோம்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வயதில் மூத்த தாய் ஒருத்தி சொன்னால் கட்டாயம் கேட்பார்கள்.

தம்பிமாருக்குக் கஷ்டம் தெரியாமல் நாங்கள் பேசவில்லை. மாதம் பிறந்தால் லீசிங்காரன் நிற்கிறான். பிரேக் ஷூ அடுத்த மாதம், டயர் அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப் போகிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறோம். ஓடுகிற ஒவ்வொரு நாளும் முதல் ஹயரின் காசில் ஒரு பங்கை வண்டியின் பெயரில் ஓர் உண்டியலில் போடுங்கள். சாவியை வீட்டுக்காரியிடம் கொடுங்கள். அந்தக் காசு பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும். லீசிங் தவணை ஒன்று பிந்தினால் பேசித் தீர்க்கலாம். பள்ளத்தில் போன குடும்பத்தோடு யார் பேசுவது?

கடைசியாக, எங்கேயாவது விபத்து நடந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிசுக்கு 119. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள். பாட்டி வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் நல்லது.

நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக்கை மிதித்துப் பாருங்கள், டயரைப் பாருங்கள், லைட்டைப் போட்டுப் பாருங்கள். பிறகு புறப்படுங்கள். முதல் இறக்கம் வரும்போது நாங்கள் சொன்ன ஒரே வரியை நினையுங்கள்: ஏறின கியரிலேயே இறங்குவோம்.